கடல்பாசி வைரஸைத் தடுக்குமா? எந்த வாசலில் என்று கேளுங்கள்

1/


மழை தொடங்கிவிட்டது. படூர், கேளம்பாக்கம், சிறுசேரி பக்கம் வீட்டுக்கு ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருக்கிறார். கூடவே வாட்ஸ்அப்பில் அந்தப் பழைய ஃபார்வர்டும் திரும்பி வந்துவிட்டது: "கடல்பாசி வைரஸை அழிக்கும், விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு!"

"டாக்டர், பாசிப் பொடி, கேப்சூல் எல்லாம் விக்கிறாங்களே, பிள்ளைங்களுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கிளினிக்கில் கேட்கிறார்கள். புறநோயாளி வரிசையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் இந்த இழை. நீளமாத்தான் இருக்கும். பொறுமையா படிங்க.

2/
என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிடறேன். படிக்க நேரம் இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கலாம்.

ஒன்று: கடல்பாசியில் உள்ள சில சர்க்கரைப் பொருட்கள் வைரஸைத் தடுக்கும் என்பது உண்மை. புரளி கிடையாது.

இரண்டு: அதைச் சாப்பிட்டால் வைரஸ் வராது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

மூன்று: பாசி வளர்க்கிற தமிழ்நாடு, பொடி விற்பதற்கு முன்னால் மனிதர்களிடம் ஒழுங்கான ஆய்வு நடத்தணும். நம்மால் முடியும். ஏன் என்று கடைசியில் சொல்றேன்.

3/
கடல்பாசி என்றதும் பலருக்கு நோன்புக் காலத்தில் பால், சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றித் துண்டு போடும் அந்த வெள்ளைக் கடல்பாசிதான் ஞாபகம் வரும். அது பாசியிலிருந்து பிரித்தெடுத்த அகார். ராமநாதபுரம் கடற்கரையில் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று சொல்லும் பாசிகளிலிருந்து எடுப்பது.

கட்டக்கோரை மாதிரியான பழுப்புப் பாசிகளிலிருந்து ஆல்ஜினேட், ஃபியூகாய்டன். "பெப்சி பாசி" என்று மண்டபம் பக்கம் பேர் வாங்கிய கப்பாபைகஸிலிருந்து கராஜினன். நம்ம கோவளம், மாமல்லபுரம் பாறைகளில் கால் வைத்தால் வழுக்குமே, அந்தப் பச்சைப் பாசிகளில் ஒரு வகையிலிருந்து உல்வான்.

இவையெல்லாம் சர்க்கரைகள் கோத்த நீளமான சங்கிலிகள். பாலிசாக்கரைடு என்று பெயர். அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும் ஒரு பாலிசாக்கரைடுதான். பிறகு பாசியில் என்ன விசேஷம்? அதன் சங்கிலிகள் பலவற்றில் சல்பேட் ஒட்டிக்கொண்டிருக்கு. இந்தக் கதையின் நாயகன் அந்த சல்பேட்தான்.

4/
இது கொரோனா காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீங்க. 1958-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெலிடியம் வகைப் பாசியின் சாற்றைக் கோழிக் கருமுட்டைகளில் செலுத்திப் பார்த்தார்கள். இன்ஃப்ளூயன்சா-பி வைரஸ், பொன்னுக்கு வீங்கி வைரஸ் இரண்டிடமிருந்தும் அந்தக் கருக்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

அதற்குப் பிறகு ஹெர்ப்பிஸ், எச்.ஐ.வி, டெங்கு, எச்.பி.வி, கொரோனா என்று எந்த வைரஸ் வந்தாலும் பாசிச் சர்க்கரையை அதன்மேல் ஊற்றிப் பார்க்க யாராவது ஒரு ஆய்வகம் இருந்தது. பல தடவை நல்ல பலனும் தெரிந்தது.

60 வருஷத்துக்கு மேல் ஆய்வகத்தில் வெற்றி. அப்போ மருந்துக் கடையில் ஏன் ஒரு பாசி மாத்திரைகூட வைரஸ் மருந்தாக இல்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மீதி எல்லாம் புரிஞ்சிடும்.

5/
முதலில் இது எப்படி வேலை செய்யுது என்று பார்ப்போம்.

நம் செல்களின் மேற்பரப்பிலும் சல்பேட் ஒட்டிய சர்க்கரை இழைகள் இருக்கு. ஹெபரான் சல்பேட் என்று பெயர். பல வைரஸ்கள் செல்லுக்குள் நுழைவதற்கு முன் முதலில் தொத்திக்கொள்வது இந்த இழையில்தான். சல்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம்; வைரஸின் மேலுள்ள புரதத்தில் அதற்கேற்ற நேர்மின்னூட்டம். ஒட்டிக்கும்.

வரப்பில் நடந்தால் வேட்டியில் ஒட்டுப்புல் ஒட்டும், தெரியும்ல? உங்களுக்கு முன்னால் ஒருத்தர் கம்பளியை இழுத்துக்கொண்டு போனால் புல்லெல்லாம் அதில் ஒட்டிக்கும். உங்கள் வேட்டி தப்பிக்கும். பாசிச் சர்க்கரை அந்தக் கம்பளி. செல்லில் ஒட்ட வேண்டிய வைரஸ் அதில் ஒட்டிவிடுகிறது.

6/
இந்த ஒரு விஷயத்திலிருந்தே நாலு முடிவு தானாக வரும்.

பாசிச் சர்க்கரை பெரும்பாலும் வைரஸைக் கொல்வதில்லை, வழிமறிக்கிறது.

வைரஸ் வருவதற்கு முன்னாலோ, வந்த கையோடோ அது அங்கே இருக்கணும்.

வைரஸ் நுழைகிற அதே இடத்தில் இருக்கணும்.

போதிய அளவில், கழுவிக்கொண்டு போகாமல் இருக்கணும்.

சுருக்கமாச் சொன்னா, இது வாசலில் நிற்கும் காவலாளி. வீட்டுக்குள் புகுந்த திருடனை இவரால் பிடிக்க முடியாது. பின்வாசல் வழியாக வருகிறவனையும் பிடிக்க முடியாது. பக்கத்துத் தெருவில் நிறுத்தி வைத்தால் சுத்தமாப் பயனில்லை.

7/
பாசியைச் சாப்பிடுவது கிட்டத்தட்ட பக்கத்துத் தெருவில் காவலாளியை நிறுத்துவதுதான்.

இந்தச் சங்கிலிகள் மிகப் பெரியவை. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்கு அப்படியே போகாது. நம் குடலில் இவற்றை உடைக்கும் நொதியும் இல்லை. நார்ச்சத்தாக உள்ளே போய் நார்ச்சத்தாகவே வெளியே போகும். மலச்சிக்கலுக்கு நல்லது. மூக்கில் வந்து உட்காரும் சளி வைரஸுக்கு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது.

"அப்போ ஊசியாகப் போட்டால்?" நல்ல கேள்வி. அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

8/
1980-களின் கடைசி. எய்ட்ஸுக்கு மருந்து இல்லாமல் ஆட்கள் இறந்துகொண்டிருந்த காலம். டெக்ஸ்ட்ரான் சல்பேட் என்ற பொருள் ஆய்வகத்தில் எச்.ஐ.வி-யை அருமையாகத் தடுத்தது. அது பாசியிலிருந்து வருவதில்லை. ஆனால் குடும்பம் ஒன்றுதான், சல்பேட் ஒட்டிய பாலிசாக்கரைடு. ஜப்பானில் அது வேறு நோய்க்கு மாத்திரையாக விற்பனையில் இருந்தது. அமெரிக்க நோயாளிகள் சங்கம் அமைத்து அதை வரவழைத்து விழுங்கினார்கள்.

1989-ல் பரிசோதித்துப் பார்த்தபோது, விழுங்கிய மாத்திரையில் ரத்தத்துக்குப் போனது மிகக் கொஞ்சம் என்று தெரிந்தது.

சரி என்று நரம்பு வழியாகத் தொடர்ந்து செலுத்தினார்கள். தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரிந்தன. முடி கொட்டியது. வைரஸ் குறையவில்லை. 1991-ல் அந்த அத்தியாயம் முடிந்தது.

ரத்தத்தை உறையவிடாமல் தடுக்க நாங்கள் போடும் ஹெப்பாரின் ஊசியும் இதே குடும்பம்தான். இந்தச் சர்க்கரைகளை ரத்தத்தில் விடுவது விளையாட்டு இல்லை.

9/
சாப்பிடவும் முடியாது, ஊசியும் போட முடியாது என்றால் மிச்சம் இருப்பது வாசல்தான். உடலுறவில் எச்.ஐ.வி நுழையும் இடத்திலேயே பூசிவிட்டால்?

இது மிக நியாயமான யோசனை. கணவன் ஆணுறை போட மறுத்தால் பெண்ணால் என்ன செய்ய முடியும்? அவள் கையிலேயே இருக்கும் ஒரு ஜெல், யாரிடமும் அனுமதி கேட்காமல் பூசிக்கொள்ளலாம். 1990-களிலும் 2000-களிலும் உலகமே இந்தக் கனவைக் கண்டது.

அந்தக் கனவுக்கு நம்ம சென்னையிலும் ஒரு பதில் கிடைத்தது. நம் ஆட்களுக்கே இது அதிகம் தெரியாது.

10/
இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா இருவரும் செய்த வேலை. பிறகு எச்.ஐ.வி தடுப்பு ஆய்வுகளில் சென்னை முக்கியமான இடமாகவே இருந்தது.

செல்லுலோஸ் சல்பேட் ஜெல். இதில் சர்க்கரைச் சங்கிலி தாவரத்திலிருந்து வருவது, பாசியிலிருந்து இல்லை. வேலை செய்யும் விதம் அதேதான், சல்பேட் கம்பளி. ஆய்வகத்தில் எச்.ஐ.வி-யைத் தடுத்தது. சிறிய பாதுகாப்பு ஆய்வுகளிலும் தேறியது. அடுத்து ஆப்பிரிக்க நாடுகளோடு சேர்த்து இந்தியாவில் சென்னை, கர்நாடகாவின் பாகல்கோட் ஆகிய இடங்களில் பெரிய ஆய்வு தொடங்கியது.

2007 ஜனவரி 31 அன்று ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டதாக அறிவித்தார்கள்.

11/
ஏன் தெரியுமா? மொத்தம் 1,398 பெண்கள். புதிதாக எச்.ஐ.வி தொற்று வந்தது 41 பேருக்கு. அதில் நிஜ ஜெல் பூசியவர்கள் 25 பேர். மருந்தில்லாத ஜெல் பூசியவர்கள் 16 பேர்.

திரும்பப் படிங்க. மருந்து பூசியவர்களில்தான் அதிகம். புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் காப்பாற்றவில்லை என்பதில் சந்தேகமே இல்லை.

அந்த 41 பெண்களில் யாரும் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்குக்காக ஆய்வில் சேர்ந்தவர்கள் இல்லை. தொற்று அபாயத்தில் வாழ்ந்தவர்கள். தங்களுக்குப் பின்னால் வருகிற பெண்களுக்கு உதவும் என்று உடம்பைக் கொடுத்தவர்கள். அவர்கள் கொடுத்த பதில் இதுதான்: கண்ணாடித் தட்டில் வேலை செய்வது மனித உடம்பில் வேலை செய்யும் என்று நம்பாதே.

அந்தப் பதிலை மறந்துவிட்டு இன்றும் கண்ணாடித் தட்டு ஆய்வைக் காட்டிப் பொடி விற்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்பது என் கருத்து.

12/
"அது பாசி இல்லையே டாக்டர்!"

சரி, பாசிக்கே வருவோம். கராஜினனில் செய்த கராகார்ட் என்ற ஜெல். 2004 முதல் 2007 வரை தென்னாப்பிரிக்காவில் 6,202 பெண்களிடம் ஆய்வு. கராஜினன் குழுவில் 134 பேருக்கு எச்.ஐ.வி. மருந்தில்லாத ஜெல் குழுவில் 151 பேருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான். பலன் நிரூபணம் ஆகவில்லை. தீங்கும் இல்லை. 2008-ல் லான்செட் இதழில் வெளியானது.

இன்னொரு பாடமும் அதில் இருந்தது. திருப்பிக் கொடுத்த ஜெல் குழாய்களைச் சோதித்துப் பார்த்தபோது, சராசரியாக உடலுறவுகளில் பாதிக்கும் குறைவான தடவைதான் ஜெல் பயன்பட்டிருந்தது. ஆய்வகத் தட்டில் ஜெல் மறதியில்லாமல் எப்போதும் இருக்கும். வாழ்க்கையில் அப்படி இருக்காது.

அதோடு, விந்துவில் உள்ள புரதங்கள் இவ்வகைச் சர்க்கரைகளின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன என்றும் பின்னர் தெரியவந்தது. கம்பளியில் வேறு புல் முதலிலேயே ஒட்டிக்கொண்டால் நமக்கு வேண்டிய புல்லுக்கு இடம் ஏது?

13/
இதோடு பாசி தோற்றது என்று மூட்டை கட்டவும் கூடாது. கதை இங்கே திரும்புது.

2006-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், எச்.பி.வி தடுப்பூசிக்கு அடித்தளம் போட்ட அதே ஆய்வகம், கராஜினன் எச்.பி.வி-யை மிகக் குறைந்த அளவிலேயே தடுப்பதைக் கண்டது. ஹெப்பாரினைவிட ஆயிரம் மடங்கு வீரியம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ்.

பிறகு கனடாவின் மான்ட்ரியலில் 461 பெண்களிடம் கராஜினன் ஜெல்லை ஒழுங்காகச் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. புதிய எச்.பி.வி தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இது நிஜமான பலன். பாராட்டணும்.

அதே குழு ஆண்களுக்கு ஆசனவாய் எச்.பி.வி-க்கு நடத்திய ஆய்வில் பலன் இல்லை. ஒரே சர்க்கரை, ஒரே வைரஸ், வேறு வாசல். முடிவும் வேறு.

14/
மகள் இருக்கும் பெற்றோருக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை.

மூன்றில் ஒரு பங்கு குறைத்த ஜெல்லைப் பார்த்துவிட்டு "இயற்கை வழி இருக்கே, ஊசி எதுக்கு" என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்க. ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் எச்.பி.வி தடுப்பூசி போட்ட பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு. 2020-ல் வெளியான ஆய்வு. ஜெல் ஆய்வு பார்த்தது தொற்றை. இந்த ஆய்வு பார்த்தது புற்றுநோயையே.

14 வயதுச் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசி போட 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. நம் நாட்டிலேயே செர்வாவேக் தயாராகிறது.

30 வயது தாண்டிய அம்மாக்களுக்குப் பரிசோதனை. திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகர் தடவிக் கருப்பைவாயைப் பார்க்கும் எளிய பரிசோதனையைக் கிராமம் கிராமமாகச் செய்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் லான்செட்டில் வந்த முடிவு. நம்ம ஊர் மண்ணில், நம்ம செவிலியர்கள் உலகத்துக்குக் காட்டியது. இதைவிட மலிவான புற்றுநோய்த் தடுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

15/
இப்போ மழைக்கால விஷயத்துக்கு வருவோம். மூக்கு.

சளி, ஃப்ளூ, கொரோனா மூன்றுக்கும் பிரதான வாசல் மூக்குதான். அங்கே கராஜினன் ஸ்ப்ரே அடித்தால், கணக்குப்படி காவலாளி சரியான இடத்தில் நிற்கிறார். ஐரோப்பாவில் இப்படி ஸ்ப்ரேக்கள் கடையில் கிடைக்கின்றன.

அர்ஜென்டினாவில் 2021-ல் வெளியான ஆய்வு: கொரோனா நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட 394 மருத்துவப் பணியாளர்கள். ஒரு குழுவுக்குக் கராஜினன் கலந்த உப்புநீர் ஸ்ப்ரே, இன்னொரு குழுவுக்குக் கராஜினன் இல்லாத ஸ்ப்ரே. தினம் நாலு வேளை, 21 நாள். கராஜினன் குழுவில் 196 பேரில் 2 பேருக்குக் கொரோனா. மற்ற குழுவில் 198 பேரில் 10 பேருக்கு.

"80 சதவீதம் பாதுகாப்பு!" என்று தலைப்பு போடலாம். கணக்கும் சரிதான். ஆனால் மொத்தமே 12 பேர். அந்தப் பக்கம் மூணு பேர், இந்தப் பக்கம் மூணு பேர் மாறினால் கதையே மாறிடும். நம்பிக்கை தரும் தொடக்கம். முடிவு என்று சொல்ல முடியாது.

16/
சாதாரணச் சளிக்கும் சில சிறு ஆய்வுகள் உண்டு. இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது வைரஸ் உறுதியானவர்களுக்குச் சளி சுமார் 2 நாள் சீக்கிரம் விட்டிருந்தது. ஸ்ப்ரே தயாரிக்கும் கம்பெனியின் பங்கு அவற்றில் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

இன்னொரு ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பிரிட்டனில் 13,799 பேர். 2024-ல் லான்செட்டின் சுவாச மருத்துவ இதழில் வந்தது. பாசி இல்லாத வேறொரு ஜெல் ஸ்ப்ரே ஒரு குழுவுக்கு. வெறும் உப்புநீர் ஸ்ப்ரே ஒரு குழுவுக்கு. எதுவும் தராமல் ஒரு குழு. ஆறு மாதத்தில் சளி இருமலோடு கழித்த நாட்கள்: எதுவும் தராதவர்களுக்குச் சராசரி 8.2, ஜெல் ஸ்ப்ரேக்கு 6.5, உப்புநீருக்கு 6.4.

வெறும் உப்புநீர், ஜெல்லுக்குச் சமமாக நின்றது! ஆன்டிபயாடிக் தேவையும் குறைந்தது.

அதனால் இனி எந்த விலை உயர்ந்த மூக்கு ஸ்ப்ரே வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: "உப்புநீரைவிட எவ்வளவு கூடுதல் பலன்?" கராஜினன் அந்தக் கேள்விக்கு அர்ஜென்டினாவில் ஒரு தடவை நல்ல பதில் சொன்னது. பெரிய அளவில் இன்னொரு தடவை சொல்லட்டும்.

17/
2020-ல் சுற்றிய இரண்டு செய்திகளும் இன்னும் ஃபார்வர்டில் உயிரோடு இருக்கு. அவற்றையும் பார்த்துடலாம்.

ஏப்ரலில் ரிலையன்ஸ் ஆய்வாளர்கள் போர்பிரிடியம் என்ற சிவப்பு நுண்பாசியின் சல்பேட் சர்க்கரைகள் கொரோனாவுக்கு எதிராக உதவலாம் என்று எழுதினார்கள். அது ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை. அதில் நோயாளி யாரும் இல்லை.

ஜூலையில் அமெரிக்காவிலிருந்து "கடல்பாசிச் சாறு ரெம்டெசிவிரை மிஞ்சியது" என்ற செய்தி. மிஞ்சியது உண்மை. எங்கே? தட்டில் வளர்த்த செல்களில். ரெம்டெசிவிர் செல்லுக்குள் போய் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மருந்து. பாசிச் சர்க்கரை வெளியே ஒட்டிப் பிடிப்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஓட்டப்பந்தயம் விட்டால் தலைப்பு நல்லா வரும். ஆக்சிஜன் படுக்கையில் இருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஆய்வாளர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. தட்டில்தான் எல்லா மருந்தும் தொடங்கும். தட்டிலிருந்து நேராகக் கடை அலமாரிக்குத் தாவுகிறவர்கள்மேல்தான் குறை.

18/
டெங்குவையும் சேர்த்துச் சொல்லிடறேன், சீசன் ஆச்சே.

ஆய்வகத்தில் கராஜினன் டெங்கு வைரஸையும் தடுக்கிறது. ஆனால் டெங்கு எந்த வாசல் வழியாக வருகிறது? கொசு தோலைத் துளைத்து உள்ளே இறக்குகிறது. மூக்கில் ஸ்ப்ரே, வயிற்றில் பொடி, இரண்டும் அந்த வாசலில் இல்லை. நமக்கு இருக்கும் காவல்: மாடித் தொட்டிக்கு மூடி, ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டைக் கவிழ்ப்பது, பகலிலும் கொசுவிடமிருந்து பாதுகாப்பு. புதுசு புதுசா கட்டடம் எழும் நம்ம ஓ.எம்.ஆர் பக்கம், தண்ணீர் தேங்கிய லிஃப்ட் குழி ஒன்று போதும், ஒரு தெருவே படுத்துவிடும்.

19/
"சாப்பிட்டால் பலன் இல்லைன்னா கெடுதலும் இல்லைதானே?" எப்போதும் அப்படி இல்லை.

பழுப்புப் பாசிப் பொடிகளில், குறிப்பாகக் கெல்ப், கொம்பு வகைகளில் அயோடின் மிக அதிகம். பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். ஒரு கிராம் காய்ந்த கொம்புவிலேயே அதைப்போலப் பல மடங்கு இருக்கலாம். நாம் ஏற்கெனவே அயோடின் கலந்த உப்பு சாப்பிடுகிறோம். தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஹிஜிகி என்ற பாசியில் ஆர்சனிக் அதிகம் என்பதால் சாப்பிட வேண்டாம் என்றே பிரிட்டன் உணவுத் துறை எச்சரிக்கிறது. எந்தப் பாசி, எந்தக் கடல் என்று எழுதாத பொடி டப்பாவை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஃபியூகாய்டன் கேப்சூல் வாங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுங்க.

நோன்புக் கடல்பாசி, கஞ்சிப்பாசிக் கஞ்சி எல்லாம் ருசிக்காகத் தாராளமாகச் சாப்பிடுங்க. மருந்து என்று நினைத்துச் சாப்பிட வேண்டாம்.

20/
இனி நான் சொல்ல வந்த மூன்றாவது விஷயம்.

மண்டபத்தில் கிளை வைத்திருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் கப்பாபைகஸ் வளர்ப்பைத் தமிழ்நாட்டுக் கடலுக்குக் கொண்டுவந்தது. 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்தத்தில் இறங்கியது. பேர் வந்தது அப்படித்தான். மூங்கில் மிதவையில் கட்டி, 45 நாளில் அறுவடை. பெண்கள் சுயஉதவிக் குழுக்கள்தான் முதுகெலும்பு. 2013-க்குப் பிறகு பாசி பெருமளவில் மடிந்து வருமானம் சரிந்தது. குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மேல் இந்த வெளிநாட்டுப் பாசி படர்வதாக எச்சரிக்கையும் வந்தது. இரண்டையும் மறைக்காமல் பேசணும்.

வளர்ப்புக்கு முன்பிருந்தே, விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மாவுக்கு 2015-ல் சர்வதேச சீகாலஜி விருது கிடைத்ததே, அந்தப் பெண்களின் உரிமைக்காகத்தான்.

2023 செப்டம்பரில் ராமநாதபுரம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேலான பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

21/
பாசி நம்மிடம். அதை எடுக்கும் கைகள் நம்மிடம். பணம் ஒதுக்கியாச்சு. ஆனால் காய்ந்த பாசி இங்கிருந்து மூலப்பொருளாகப் போகிறது. ஸ்ப்ரேயாக மாறுவது வேற ஊரில்.

என் கோரிக்கை எளிது. அந்த முதலீட்டில் ஒரு சிறு பங்கு, மனிதர்களிடம் நடத்தும் ஒரு ஒழுங்கான ஆய்வுக்குப் போகட்டும். மழைக்கால மூன்று மாதம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள். மூன்று குழு: கராஜினன் ஸ்ப்ரே, வெறும் உப்புநீர் ஸ்ப்ரே, எதுவும் இல்லாதவர்கள். யாருக்கு எத்தனை நாள் காய்ச்சல், சளி, எந்த வைரஸ் என்று கணக்கு. சில ஆயிரம் பேர் போதும். வைரஸ் பரிசோதனைக்குக் கிண்டி கிங் நிலையம் இருக்கு. நாட்டின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்து, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடணும்.

பலன் இருந்தால், மண்டபத்துப் பெண்ணின் மிதவைக்கும் செங்கல்பட்டு மருத்துவமனைச் செவிலியரின் மூக்குக்கும் நேர்ப் பாதை ஒன்று திறக்கும். பலன் இல்லையென்றால் உப்புநீர் போதும் என்று தெரிந்துகொள்வோம். இரண்டுமே லாபம்தான்.

திண்டுக்கல்லில் வினிகரை வைத்து உலகத்துக்கே பதில் சொன்ன மாநிலத்துக்கு இது பெரிய வேலையா?

22/
அதுவரை ஃபார்வர்ட் வந்தால் இந்த நாலு கேள்வியைக் கேளுங்க. மனப்பாடம் பண்ணிக்கலாம்.

எதில் சோதித்தார்கள்? தட்டிலா, எலியிலா, மனிதரிலா?

எந்த வாசலில் வைத்தார்கள்? எனக்கு விற்பதும் அதே வாசலுக்கா?

எதோடு ஒப்பிட்டார்கள்? ஒன்றுமில்லாததோடா, உப்புநீரோடா?

எத்தனை பேரில்? அதில் எத்தனை பேருக்கு நோய் வந்தது?

இந்த நாலுக்கும் பதில் இல்லாத டப்பா "நோயைக் குணமாக்கும்" என்று எழுதியிருந்தால் அது சட்டப்படியும் தவறு. உணவுப்பொருளாகப் பதிவு செய்த எதற்கும் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய அனுமதி கிடையாது.

23/
இந்த மழைக்காலத்துக்கு என் பரிந்துரை, செலவு வரிசைப்படி:

கை கழுவுவது, இருமும்போது வாயை மூடுவது, காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது. இலவசம்.

மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண உப்புநீர்ச் சொட்டு அல்லது ஸ்ப்ரே. விலை மலிவு. வீட்டில் தயாரிப்பதானால் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் மட்டும்தான்.

முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள்: ஃப்ளூ தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்க.

மூச்சுத் திணறல், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலியும் வாந்தியும்: பொடி, ஸ்ப்ரே எதையும் தேடாமல் அன்றே மருத்துவமனை.

24/
பாசிச் சர்க்கரையை நான் கைவிடவில்லை. அது நல்ல காவலாளி என்றே நினைக்கிறேன். ஆனால் எந்த வாசலில், எத்தனை மணி நேரம், எந்தத் திருடனுக்கு என்று தெரியாமல் சம்பளம் கொடுப்பது நம் பணத்துக்கும் நல்லதில்லை, கடலுக்கும் நல்லதில்லை.

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய ஃபார்வர்ட் வந்தால், சண்டை போடாமல் இந்த இழையை அங்கே போடுங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, மாலை கிளினிக் முடிந்ததும் பதில் சொல்றேன்.



பொதுநல மருத்துவர், படூர்